சீர்த்தட்டில் திரும்பிய சங்கிலி

என் செல்ல அப்பாவுக்கு,

உங்களுக்காக இரண்டு செய்திகள் வைத்திருக்கிறேன். முதலாவது, கடன் முடிந்துவிட்டது. உங்களைத் துரத்தி, பிறகு என் பெயருக்கு மாறி, எங்கள் சோற்றில் பாதியைத் தின்ற அந்த லோரிக் கடனைப் போன மாதம் கட்டி முடித்தேன். பேங்க் கொடுத்த கடிதத்தை உங்கள் படத்துக்கு முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டினேன். என் வீட்டுக்காரர் சேகர் பார்த்துவிட்டு, "லெட்டருக்கே பூசை போட்ட மொத ஆளு நீதான் லா," என்று சிரித்தார்.

இரண்டாவது செய்தி அதைவிட இனிப்பானது. அம்மாவின் தம்பி, உங்கள் அருமை மச்சான் கோபால் மாமாவை, அவர் கொண்டுவந்த சீர்த்தட்டுகளோடு வாசலிலிருந்தே திருப்பி அனுப்பினேன். தன் ஊரான சபாக்கில் அவர் வேறு கதை சொல்லிக்கொண்டு திரிகிறாராம். எனக்குத் திமிர் பிடித்துவிட்டதாம். அதனால்தான் இதை உங்கள் காதில் மட்டும் சொல்லாமல் நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். திமிர்தான் அப்பா. பத்து வருடமாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த திமிர்.

எங்கே தொடங்கியது என்று உங்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நான் பெரியவளானபோது நாம் கோலசிலாங்கூர் பக்கம் தோட்டத்து லயத்து வீட்டில் இருந்தோம். தோட்ட மண்டபத்தில் எனக்குச் சடங்கு. தாய்மாமன் என்ற முறையில் மாமா சபாக்கிலிருந்து தன் பழைய லோரியிலேயே சீர் கொண்டுவந்தார். பழத்தட்டு, பட்டுத்தட்டு, வளையல் தட்டு என்று வரிசையாக வர, தோட்டமே வாயைப் பிளந்தது. கடைசித் தட்டில் ஒரு தங்கச் சங்கிலி. அதை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டிவிட்டுத்தான் என் கழுத்தில் போட்டார். வேலையை மேற்பார்க்கிற மண்டோர் வீட்டுப் பெண்ணுக்குக்கூட இப்படி ஒரு சீர் வந்ததில்லை என்று பேசிக்கொண்டார்கள். நீங்கள் அன்று முழுக்கத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தீர்கள்.

அடுத்த மாதம் அவர் மறுபடி வந்தார். இந்த முறை தட்டு இல்லை, ஒரு ஃபாரம். புது லோரி எடுக்கிறாராம், ஜாமீன் கையெழுத்து வேண்டுமாம். அவர் கட்டாவிட்டால் நீங்கள் கட்ட வேண்டும், அந்தக் காகிதத்தின் பொருள் அவ்வளவுதான். "எதுக்கும் ஆபீசு கிராணிகிட்ட ஒரு வார்த்த காட்டிட்டுப் போடுங்களேன்," என்று அம்மாகூடச் சொன்னாள்.

"ஊரே பாக்க சீர் செஞ்சவன் கேக்குறான். அவன்கிட்ட எப்படி இல்லேன்னு சொல்றது?" என்றீர்கள். மோட்டார் சைக்கிள் சீட்டில் ஃபாரத்தை விரித்துக் கையெழுத்துப் போட்டீர்கள். படித்துக்கூடப் பார்க்கவில்லை. சீர் வாங்கிவிட்டால் பிறகு கேள்வி கேட்கக் கூடாது என்று நினைக்கிறவர்கள் உலகத்தில் நாம் மட்டும்தானோ? அந்தச் சீரே தூண்டிலாக இருக்கும் என்று உங்களுக்கு ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லையா?

மாமா சில வருடம் கட்டினார், பிறகு விட்டுவிட்டார். பேங்க் லோரியை இழுத்துக்கொண்டு போய் ஏலம் விட்டும் மிச்சம் பெரிதாக நின்றது. வட்டி ஏறி ஏறி, எனக்குக் கல்யாணமாகி மகள் யாழினி தொட்டிலில் கிடந்த வருடம் வக்கீல் நோட்டீஸ் உங்களைத் தேடி வந்தது. பணம் வராவிட்டால் உங்களைத் திவால் ஆக்கிவிடுவார்கள் என்றார்கள். நாம் இருவரும் சபாக்குக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? வாசலில் மாமி பெயரில் எடுத்த இன்னொரு லோரி பளபளவென்று நின்றது. மாமா நாற்காலியில் சாய்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"பேங்க்காரன் உங்ககிட்டதான கேக்குறான் மச்சான்? அப்ப நீங்களே கட்டுங்க லா," என்றார்.

நீங்கள் மாமி கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தீர்கள். குடித்த கிளாஸை நீங்களே எடுத்துப் போய்க் கழுவி வைத்துவிட்டு வந்தீர்கள். அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. திரும்பி வரும் வழியில் சுங்கை ஆயர் தாவாரில் வண்டியை நிறுத்தச் சொல்லி, பேத்திக்கு பிஸ்கட் வாங்கினீர்கள். கடைக்காரனிடம் சிரித்துப் பேசினீர்கள். நான் அந்தக் கிளாஸை மாமா தலையில் போட்டு உடைத்திருக்கலாமே என்று நினைத்துக்கொண்டே நின்றேன்.

அந்த மாதமே என் பெயரில் கடன் எடுத்து பேங்க்கில் கட்டினேன். போதாததற்கு அந்தச் சங்கிலியை ரவாங் அடகுக்கடையில் வைத்தேன். உங்கள் பெயர் தப்பித்தது. ஆனால் நீங்கள் தப்பிக்கவில்லை. அடுத்த வருடமே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டீர்கள். கருமாதியன்று மாமா அழுத அழுகையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பிறந்த வீட்டு முறைப்படி அம்மாவுக்குக் கோடிச்சேலை போட்டதும் அவர்தான். "என் மச்சான் தங்கம்," என்று மார்பில் அடித்துக்கொண்டார். பிறகு பாயாசத்தை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அவர் பாயாசம் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே முடிவு செய்தேன். கடனைக் கட்டுவேன். சங்கிலியை மீட்பேன். மீட்ட சங்கிலியைச் சபை பார்க்க அவருக்கே திருப்பிக் கொடுப்பேன். வாங்கிய சீரைத் திருப்பிக் கொடுப்பதைவிட நம் ஆட்களுக்குப் பெரிய அவமானம் வேறு என்ன இருக்கிறது? உறவு அறுந்தது என்று மைக்கில் சொல்கிற மாதிரி.

எப்படிக் குடும்பம் நடத்தினாய் என்று கேட்பீர்கள். கவர் வைத்து நடத்தினேன். பெருநாளுக்குப் பெருநாள் பணம் போட்டுக் கொடுக்கிற கவர்களை யாரும் தூக்கிப்போட விடாமல் சேர்த்தேன். சீனப் பெருநாள் சிவப்புக் கவர் கடனுக்கு. நோன்புப் பெருநாள் பச்சைக் கவர் மளிகைக்கு. தீபாவளி ஊதாக் கவர் யாழினியின் பள்ளிக்கு. சம்பள நாளில் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுவிடுவேன். ஒரு கவர் காலியானால் காலிதான், இன்னொன்றில் கை வைக்கக் கூடாது. "பச்சை செத்துப்போச்சு," என்று நான் சொன்னால், மாதக் கடைசிவரை முருங்கைக்கீரையும் நெத்திலியும்தான் என்று வீட்டில் எல்லோருக்கும் புரிந்துவிடும்.

சேகர் இங்கே உலு யாமில் டயர் கடையில் வேலை பார்க்கிறார். சம்பளத்தை அப்படியே என் கையில் கொடுத்துவிடுவார். நான் ரவாங் தொழிற்சாலையில் ஓவர்டைம் யாருக்கு வேண்டாமோ அதையெல்லாம் கேட்டு வாங்கினேன். தீபாவளிக்குத் தீபாவளி பக்கத்து வீட்டுக்காரி வந்து, "இந்த கர்ட்டன போன வருசமும் பாத்த மாதிரி இருக்கே கலா?" என்பாள். "எங்க வூட்டு மனுசர மாதிரிதான் அதுவும், வருசா வருசம் மாத்த முடியாது," என்பேன். கால் வலித்து இனி நிற்க முடியாது என்று தோன்றும்போது, மாமா ஆட்டிக்கொண்டிருந்த அந்தக் காலை நினைத்துக்கொள்வேன். வலி போய்விடும். கோபத்தைப் போல வேலை வாங்குகிற மேலாளர் எந்தத் தொழிற்சாலையிலும் இல்லை அப்பா.

ஒரு கவரில் மட்டும் எதுவும் எழுதாமல் அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்திருந்தேன். அது அடகுக்கடை வட்டி கட்ட, பிறகு சங்கிலியை மீட்க. சேகர் ஒருநாள் கண்டுபிடித்துவிட்டார்.

"அந்த சங்கிலிய மீட்டு வித்தா கடன் சீக்கிரம் முடியும்ல? எதுக்கு அத வச்சுக்கிட்டு?"

"அது விக்கிறதுக்கு இல்ல. திருப்பிக் குடுக்கறதுக்கு."

"ஒரு ஆள அசிங்கப்படுத்த இவ்ளோ செலவா?"

"ஆமா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்த மாதம் அந்தக் கவரைத் திறந்தால் நான் வைக்காத ஐம்பது வெள்ளி நோட்டு ஒன்று இருந்தது. உங்கள் மருமகன் நல்லவர் அப்பா. வாய் மட்டும்தான் கொஞ்சம்.

கடன் முடிந்து, சங்கிலியையும் மீட்ட சமயத்தில் யாழினி பெரியவளானாள். எனக்கு அண்ணன் தம்பி இல்லை, அவளுக்குத் தாய்மாமன் இல்லை. அதை யாரும் ஞாபகப்படுத்தாமலே மாமா போன் செய்தார்.

"அம்மாடி, தாய்மாமன் இல்லேன்னு பிள்ள ஏங்கக் கூடாது. அந்த இடத்துல நான் நிக்கிறேன். சீரெல்லாம் என் பொறுப்பு."

"சரிங்க மாமா."

"அப்புறம் ஒரு சின்ன விசயம். என் பையன் லோரி எடுக்கிறான். கேரண்டர் வேணுமாம். உன் பேரு இப்ப கிளீனாமே? ஒரு சைன்தான்."

கடன் முடிந்த செய்தி அவர் காதுக்கு எவ்வளவு சீக்கிரம் போயிருக்கிறது பாருங்கள். அதே சீர், அதே லோரி, அதே சின்ன விசயம். "மொதல்ல சடங்கு நல்லபடியா நடக்கட்டும் மாமா," என்றேன். "சீர் மட்டும் கொஞ்சம் பெருசா இருக்கட்டும். பிள்ள ஆசப்படுறா." யாழினி அப்படி ஒன்றும் ஆசைப்படவில்லை. அவர் செலவு செய்யட்டும் என்று நான்தான் ஆசைப்பட்டேன்.

அம்மாவிடம் என் திட்டத்தைச் சொன்னேன். அவள் முகம் சுருங்கிப்போயிற்று. "எனக்குன்னு கூடப் பொறந்தவன் அவன் ஒருத்தன்தான்டி," என்றாள்.

"எனக்கும் அப்பா ஒருத்தர்தாம்மா இருந்தாரு."

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. சடங்கு நாள்வரை பேசவில்லை. சபையில் அம்மா குறுக்கே விழுந்து தடுத்துவிட்டால் என்ன செய்வது? பத்து வருடக் கோபமும் அவள் ஒரு சொட்டுக் கண்ணீரில் கரைந்துவிடுமே. மாமாவைப் பற்றி எனக்குப் பயமே இல்லை. அம்மாவைப் பற்றித்தான் பயந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு முன்னால் கூடாரம் போட்டிருந்தோம். மாமா வேனில் வந்து இறங்கினார். அப்பா, என்ன தட்டுகள்! ஆப்பிளைக் கோபுரமாக அடுக்கி, பட்டை மயில் மாதிரி மடித்து, எல்லாவற்றுக்கும் ரிப்பன் கட்டி. பின்னாலேயே அவர் மகன் பழுப்புக் கவர் ஒன்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தான். நான் வாசலில் நின்றேன். என் கையில் ஒரு பித்தளைத் தட்டு. அதில் வெற்றிலை, வெற்றிலை மேல் சங்கிலி.

"என்னம்மா, வழி விடு," என்றார் மாமா. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா உள்ளேயிருந்து வந்து என் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டாள். போச்சு, உள்ளே கொண்டுபோகப் போகிறாள் என்று நினைத்தேன். அம்மா நேராகத் தம்பியிடம் நடந்தாள்.

"இது நீ எங்க பிள்ளைக்குப் போட்டது. எடுத்துக்க."

"என்னக்கா, சபையில வச்சு அசிங்கப்படுத்துற?"

"நீயும் சபையிலதான போட்ட?"

அம்மா தட்டைப் பிடித்தபடியே நின்றாள். "அவரு உன் வூட்டுல கிளாஸ கழுவி வச்சிட்டு வந்தாராமே. கலா சொன்னா. நான் இத்தன வருசமா நம்பல. என் தம்பி அப்படி விட்டிருக்க மாட்டான்னு நெனச்சேன். இப்ப ஃபாரத்தோட வந்து நிக்கிறியே," என்றாள். மாமா சங்கிலியை எடுத்துக்கொண்டார். வேறு என்ன செய்வார்?

"இவ்ளோ தட்டையும் நான் என்னா பண்றது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். இந்தக் கேள்விக்காகத்தான் பத்து வருடம் நெத்திலி தின்றேன்.

"சீர் கொண்டாந்தது நீங்கதான மாமா? அப்ப நீங்களே எடுத்துட்டுப் போங்க லா."

அவர் வேனில் தட்டுகளை ஏற்றுவதை நின்று பார்த்தேன். கோபுரம் சரிந்து ஓர் ஆப்பிள் சாக்கடை ஓரம்வரை உருண்டது. அவரே குனிந்து எடுத்தார். எனக்குப் பாவமாக இருந்தது என்று எழுதினால் நாலு பேர் மெச்சுவார்கள். பாவமாக இல்லை அப்பா. வயிறு குளிர்ந்தது.

இதற்குமேல் நடந்தது நான் போட்ட திட்டத்தில் இல்லாதது. நீங்கள் போனதிலிருந்து அம்மா எந்த நல்ல காரியத்திலும் முன்னால் வந்ததில்லை. கூப்பிட்டாலும் பின்வரிசை நாற்காலியில்தான் உட்காருவாள். அன்று அவள் கையைக் கழுவிவிட்டு, மாமா போட வேண்டிய மாலையை எடுத்து யாழினி கழுத்தில் தானே போட்டாள். "தாய்மாமன் இல்லாட்டி என்னா? தாயப் பெத்தவ நான் இருக்கேன்ல," என்றாள். யாரோ முணுமுணுத்தார்கள். சேகரின் தங்கை குலவை போட்டு அந்த முணுமுணுப்பை அமுக்கிவிட்டாள்.

உங்கள் மேலும் எனக்குக் கோபம் மிச்சம் இருக்கிறது. நல்லவராக இருந்தீர்கள், அதற்கான செலவை எங்கள் கவர்களில் எழுதிவிட்டுப் போனீர்கள். ஆனால் அந்தக் கணக்கை நான் உங்களிடம் கேட்கப் போவதில்லை. உங்கள் படத்துக்கு முன்னால் இருக்கும் தண்ணீர்க் கிளாஸை இனி தினமும் நானே கழுவி வைக்கிறேன்.

சத்தியம் செய்கிறேன் அப்பா. மாமாவை மன்னிக்க மாட்டேன். அவர் வீட்டு நல்லது கெட்டது எதற்கும் என் கால் அந்தப் படியை மிதிக்காது. யார் எத்தனை தட்டு நீட்டினாலும், யார் கண்ணீர் விட்டாலும், இன்னொருவர் கடனுக்கு இந்த வீட்டிலிருந்து கையெழுத்துப் போகாது. யாழினிக்கும் அதைத்தான் சொல்லி வளர்ப்பேன். என் கையெழுத்து வேண்டும் என்று இப்போது யாரும் கேட்கவில்லை. இருந்தாலும் ஒன்று போடுகிறேன்.

முழுதும் படித்துப் பார்த்து, மனதாரக் கையெழுத்திடும்
உங்கள் ஒரே மகள்,
கலா