சப்ளை இல்லை என்று சொன்னவன்

ஜூன் 3, திங்கள்

பதினேழு வருஷம் ஸ்பேனர் பிடித்த கையில் பென்சிலைக் கொடுத்து உட்கார வைத்துவிட்டார்கள். ஆறு வாரம் மின்சாரப் பயிற்சி. பராமரிப்புப் பிரிவில் ஃபிட்டர், வெல்டர், எண்ணெய் போடுகிறவர் என்று ஒருத்தர் பாக்கியில்லை, எல்லாருக்கும் கட்டாயம். தேறாதவன் கிடங்கில் மூட்டை அடுக்கப் போகலாம். நோட்டீஸில் இத்தனை பச்சையாக எழுதவில்லை, ஆனால் அர்த்தம் அதுதான்.

சொல்லித்தர வெளியிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறார். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். முன் வரிசையிலிருந்த வெல்டர், "கரண்ட்டப் பத்தி எங்களுக்குத் தெரியாததா மேடம்?" என்றார். "தெரியும்னு நினைக்கிறவங்களுக்குத்தான் இந்த வகுப்பே" என்றார் அவர். வெல்டர் நோட்டைப் பிரித்தார்.

மதியம் பிப்ரவரி விபத்தின் அறிக்கையை வாசித்தார். 'ஒரு எலக்ட்ரீஷியன்' என்றுதான் சொன்னார், ஆனால் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. அந்த எலக்ட்ரீஷியன் என் மச்சான், என் மனைவியின் அண்ணன். பக்கத்துப் பக்கத்தில் இருந்த நாலு சுவிட்சில் தவறானதை அணைத்துவிட்டார்; சப்ளை இருக்கிறதா என்று சோதிக்காமல் மின் பெட்டிக்குள் கையை விட்டார்; வலது கையில் இரண்டு விரல் போயிற்று. காரணம், சொந்தக் கவனக்குறைவு. பத்தொன்பதாம் தேதி கடைசி விசாரணை. அதையே உறுதி செய்தால் மச்சானுக்கு வேலை போய்விடும்.

நான் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 4, செவ்வாய்

ஒரு ஃபேஸுக்கும் இன்னொரு ஃபேஸுக்கும் நடுவில் எத்தனை வோல்ட் என்று கேட்டார், சரியாகச் சொன்னேன், யாருக்கும் பெருமையில்லை.

ஜூன் 6, வியாழன்

இதுவரை யாரிடமும் சொல்லாததை இங்கே எழுதி வைக்கிறேன்.

அன்று சோதனையே நடக்கவில்லை என்பது பொய். நான் சோதித்தேன். அவருடைய மீட்டரில் பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. ஸ்டோருக்குப் போய் வந்தால் இருபது நிமிடம் ஆகும். உற்பத்தி நிற்கிறது, லைனை ஓட்டு, லைனை ஓட்டு என்று மேனேஜர் தலைமேல் நின்றார். "உன் டெஸ்டர வச்சுப் பாரு மாப்ள" என்றார் மச்சான். என் சட்டைப்பையில் எப்போதும் ஸ்க்ரூடிரைவர் மாதிரி ஒரு டெஸ்டர் இருக்கும், சப்ளை இருந்தால் உள்ளே குட்டி விளக்கு எரியும். மூன்று ஒயரிலும் வைத்தேன். எரியவில்லை. "சப்ளை இல்ல மச்சான்" என்று சொல்லிவிட்டு ஸ்பேனர் எடுக்கப் போனேன். திரும்பி வந்தபோது அவர் தரையில் கிடந்தார்.

ஃபிட்டர் மின் பெட்டியைத் தொடவே கூடாது, தொட்டால் சீட்டுக் கிழிந்துவிடும். அதனால் விசாரணையில், நான் கியர் பெட்டிப் பக்கம் இருந்தேன் என்று எழுதிக் கொடுத்தேன். மச்சானுக்கோ அன்றைய ஞாபகமே இல்லை. நான் சோதித்தது சரிதானே, நான் போன இரண்டு நிமிடத்தில் அவரே எந்தச் சுவிட்சையோ திருகியிருப்பார் என்று நாலு மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஃபிட்டரைச் சோதிக்கச் சொன்னவர் என்று அவரைக் காட்டிக்கொடுக்காமல் இருப்பதாகக்கூட நினைத்தேன். எப்பேர்ப்பட்ட பெரிய மனசு!

இன்று வகுப்பில் மேடம் சொன்னார்: "முதல்ல சப்ளை இருக்குன்னு தெரிஞ்ச இடத்துல வச்சுப் பாருங்க. அப்புறம் நீங்க வேலை செய்யப்போற இடத்துல. அப்புறம் மறுபடியும் சப்ளை இருக்கிற இடத்துல. மூணு தடவை."

"எதுக்கு மேடம் மூணு?" என்றார் எண்ணெய் போடுகிறவர்.

"டெஸ்டர் உயிரோட இருக்கான்னு எப்படித் தெரியும் உங்களுக்கு? செத்துப்போன டெஸ்டர் எல்லா ஒயரையும் சப்ளை இல்லைன்னுதான் சொல்லும்."

எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். என்னால் எழுத முடியவில்லை.

ஜூன் 7, வெள்ளி

மனைவி எழுவதற்கு முன்பே எழுந்து பையைத் துழாவி அந்த டெஸ்டரை எடுத்தேன். பிப்ரவரிக்குப் பிறகு தொடவேயில்லை. சமையலறை பிளக்கில் வைத்தேன். எரியவில்லை. விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் வைத்தேன். எரியவில்லை. அதே பிளக்கில் மிக்ஸியைச் செருகினேன், அலறியது.

"காலங்காத்தால என்னத்த அரைக்கிறீங்க?" என்று எழுந்து வந்தாள். ஒன்றுமில்லை என்றேன்.

விபத்துக்கு முந்தின வாரம் அது ஏணி மேலிருந்து சிமெண்ட் தரையில் விழுந்தது. ஞாபகம் இருக்கிறது. எடுத்துத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டேன். எரிகிறதா என்று பார்க்கத் தோன்றவில்லையே, மடையா. மச்சான் சுவிட்சை மாற்றி அணைத்தது அவர் தப்புதான். ஆனால் அந்தத் தப்பைப் பிடிக்கத்தானே சோதனை? நான் வைத்துப் பார்த்த மூன்று ஒயரில் ஒன்றுதான் அவர் விரலைத் தின்றது.

ஜூன் 9, ஞாயிறு

மச்சான் வீட்டுக்குப் போனோம். இடது கையால் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். நான் உதவப் போனேன். "விடு, பழகட்டும்" என்றார்.

உட்கார்ந்திருந்த ஒரு மணி நேரத்தில் நாலு தடவை எழுந்துபோய்ச் சுவிட்சுகளைப் பார்த்துவிட்டு வந்தார். ஃபிரிட்ஜ், இஸ்திரிப் பெட்டி, வாசல் விளக்கு. மகள் சார்ஜரைச் செருகப் போனால் பிடுங்கி, தானே செருகுகிறார். "இப்படித்தான் ராத்திரியெல்லாம்" என்று அவர் மனைவி என் மனைவியிடம் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது.

"டீ குடிச்சது வரைக்கும் ஞாபகம் இருக்கு மாப்ள. அப்புறம் ஆஸ்பத்திரி லைட்டுதான். இருபத்திரண்டு வருஷமா ஊரையெல்லாம் டெஸ்ட் பண்ணு, டெஸ்ட் பண்ணுன்னு கத்தினவன் நான். நானா டெஸ்ட் பண்ணாம கைய விட்டேன்? நீ பக்கத்துலதானே இருந்த?"

"நான் கியர் பெட்டிப் பக்கம் இருந்தேன் மச்சான்."

இது நாலாவது தடவை. பொய்கூடச் சொல்லச் சொல்ல வழவழப்பாகிவிடுகிறது.

ஜூன் 11, செவ்வாய்

"ஏன் ஒண்ணும் எழுதாம உக்காந்திருக்கீங்க?" என்று மேடம் கேட்டார், கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டேன் என்றேன், நான் கண்ணாடியே போடுவதில்லை.

ஜூன் 13, வியாழன்

வகுப்பு முடிந்து எல்லாரும் போனபிறகு மேடத்திடம் கேட்டேன். "மேடம், சும்மா ஒரு சந்தேகம். ஒருத்தர் டெஸ்டரை வச்சுப் பாத்துருக்காரு, அது கெட்டுப்போன டெஸ்டர். அப்போ அவர் மேல தப்பா?" எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று சொன்ன கதைதான். சொல்லி முடிப்பதற்குள் எனக்கே தெரிந்துவிட்டது.

அவர் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

"அறிக்கையில டெஸ்ட் பண்ணலன்னு இருக்கு. அதனால கவனக்குறைவுன்னு முடிச்சுட்டாங்க. டெஸ்ட் பண்ணியும் ஏமாந்தாங்கன்னா கதையே வேற. இந்த ஃபேக்டரியில இன்னும் எத்தனை பேர் பாக்கெட்ல அதே மாதிரி டெஸ்டர் இருக்கு, சொல்லுங்க?"

மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். எல்லார் பையிலும் இருக்கிறது.

வாயைத் திறந்தால் என் வேலை போகும். திறக்காவிட்டால் அவர் வேலை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனாலும் யோசிக்கிறேன். ஒரு வாரமாக யோசிக்கிறேன். சீ.

ஜூன் 17, திங்கள்

மனைவியிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். கையில் இருந்த ஒரே துண்டை மடித்து, பிரித்து, மறுபடியும் மடித்தாள்.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம்.

"நாலு மாசமா எங்கண்ணன் தூங்கல. நீங்க என் பக்கத்துல படுத்துக் குறட்டை விட்டீங்க."

பயம் என்றேன். பிள்ளைகள் படிப்பு என்றேன். அவளுக்கும் அது தெரியும். இரண்டு வீட்டுச் சோறும் அந்த ஃபேக்டரியிலிருந்துதான் வருகிறது.

"நாளைக்கு நீங்க போய்ச் சொல்றீங்களா, நான் போய்ச் சொல்லட்டுமா?"

ஜூன் 18, செவ்வாய்

சொல்லிவிட்டேன். "நாளைக்கு முடியப்போற விஷயத்துக்கு இப்ப எதுக்குப்பா இதெல்லாம்?" என்றார் மேனேஜர். டெஸ்டரை மேஜைமேல் வைத்தேன். செத்த எலியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். இரண்டு பக்கம் எழுதினேன். லைனை ஓட்டு என்று அவர் தலைமேல் நின்றதையும் சேர்த்து எழுதினேன். அந்த வரியை அடிக்கச் சொன்னார். அடிக்கவில்லை. இந்த நாலு மாதத்தில் நான் நிமிர்ந்து நின்றது அந்த ஒரு நிமிடம்தான்.

ஜூன் 20, வியாழன்

மச்சானின் அறிக்கையிலிருந்து 'சொந்தக் கவனக்குறைவு' நீங்கியது. வேலை இருக்கிறது, இனி பயிற்சிப் பிரிவில். எல்லார் பையிலிருந்தும் அந்த டெஸ்டர்களைப் பிடுங்கிப் பெட்டியில் போட்டார்களாம். பதினொன்று எரியவில்லையாம். பதினொன்று!

பொய்யாக எழுதிக் கொடுத்ததற்கு எனக்கு ஒரு மாதம் பணியிடை நீக்கம். பயிற்சியும் ரத்து. அடுத்த அணியோடு முதலிலிருந்து தொடங்க வேண்டும். வேலையே போகும் என்று பயந்தவனுக்கு இது எவ்வளவோ மேல்.

சாயங்காலம் மச்சான் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"டெஸ்டர் கெட்டுப்போச்சு, சரி. யாருக்கும் நடக்கும். சுவிட்ச மாத்தி அணைச்சவன் நான்தான், அதையும் ஒத்துக்கிறேன். ஆனா நான் கேட்டேனேடா... வாய் விட்டுக் கேட்டேனே. எனக்குப் புத்தி பிசகிடுச்சுன்னு நானே நம்பிட்டேன். இஸ்திரிப் பெட்டியப் பாத்துப் பயந்தேன். அப்பவும் கியர் பெட்டிப் பக்கம் இருந்தேன்னியே."

அழுதுவிட்டேன். அவர் அதைப் பார்க்க நிற்கவில்லை. மனைவி பையை எடுத்துக்கொண்டு, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அண்ணனோடு போய்விட்டாள்.

ஜூலை 2, செவ்வாய்

திரும்பி வந்துவிட்டார்கள். மனைவி இன்னும் பேசவில்லை, ஆனால் என் வேலைச் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறாள்.

ஆகஸ்ட் 14, புதன்

அடுத்த அணியோடு மறுபடியும் பயிற்சி, நடுவில் இன்று செய்முறைத் தேர்வு. பட்டறை மூலையில் பழைய மின் பெட்டி ஒன்று. தேர்வு வைப்பவர் மச்சான். இந்த மூன்று வாரமும் வகுப்பில் எல்லாரையும் வாடா, போடா என்று உரிமையோடு விரட்டுகிறவர், என்னை மட்டும் "வாங்க, உக்காருங்க" என்றார். அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

"ஆரம்பிங்க."

சுவிட்சின் எண்ணை வாய்விட்டுப் படித்து அணைத்தேன். என் பூட்டைப் போட்டுச் சாவியைப் பையில் வைத்தேன். மீட்டரை முதலில் சப்ளை உள்ள பிளக்கில் வைத்தேன், காட்டியது. பிறகு பெட்டியில் மூன்று முனையையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன், எல்லாம் பூஜ்யம். மறுபடியும் பிளக்கில், காட்டியது.

இனி வாயால் சொல்ல வேண்டும். இரண்டே வார்த்தை. திரும்பவும் முதலிலிருந்து எல்லாவற்றையும் சோதித்தேன்.

"சப்ளை இல்ல" என்றேன்.

விதிப்படி, சோதித்தவன்தான் தொட்டுக் காட்ட வேண்டும். நான் கையை நீட்டுவதற்குள் அவர் வலது கையை, அந்த மூன்று விரல் கையை, உள்ளே விட்டுவிட்டார். ஒவ்வொரு முனையாக, அவசரமில்லாமல், மூன்றையும் தொட்டார். பிறகு தாளில் என் பெயருக்கு எதிரே இடது கையால் கோணலாக ஒரு கையெழுத்துப் போட்டார்.

"போ, அடுத்த ஆள வரச் சொல்லு" என்றார்.

வெளியே வந்து பம்ப் ஆபரேட்டரை உள்ளே அனுப்பினேன்.