நடுப்பலகைக்கு முன்னால்

ஒதியம்பட்டு,
கார்த்திகை முதல் வாரம்.

அன்பு மிகுந்த வீட்டுக்காரருக்கு உமையாள் எழுதுவது. இங்கே அத்தையும் நானும் பக்கத்தில் உங்கள் அண்ணன் வீட்டாரும் சுகமாக இருக்கிறோம். அங்கே வெயில் தணிந்து, வேளைக்குச் சாப்பாடு கிடைத்து, நீங்களும் சுகமாக இருக்க வேண்டும்.

தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று தோன்றும். போனில் ஆரம்பித்தால் பாதியிலேயே, “சரி, நான் வந்து பாத்துக்கிறேன்” என்று முடித்துவிடுவீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. லீவு முடிந்து மஸ்கட்டுக்குத் திரும்பும் உங்கள் கூட்டாளி புகழேந்தியிடம் கொடுத்தனுப்புகிறேன். முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

விஷயம் இதுதான். படகில் பேட்டரிகளை வைத்துவிட்டேன். நீங்கள் வரைந்து கொடுத்த இடத்தில் வைக்கவில்லை.

பொங்கலுக்கு வந்து நானே வைக்கிறேன், அதுவரை தொடாதே என்றீர்கள். மழை பொங்கல்வரை காத்திருக்காது. போன வருடம் ஆறு பெருகி நம் தெருவைச் சுற்றித் தண்ணீர் நின்றபோது, அத்தைக்கு ஒரு முறை டயாலிசிஸ் தவறிப்போனது. மறுநாள் மீட்புப் படகு வருவதற்குள் அவர் மூச்சுக்குத் தவித்ததை நான்தான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அதைக் கேட்டுத்தானே நீங்கள் லீவு போட்டு வந்து, மாட்டுக் கொட்டகையில் பலகை அறுத்து இந்தப் படகைக் கட்டினீர்கள்? உங்கள் கைவேலையில் ஒரு குறையும் இல்லை. ஒரு சொட்டு உள்ளே ஒழுகவில்லை. குளத்தில் இறக்கிய அன்று தெருவே வந்து தட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

பேட்டரி இரண்டையும் மோட்டாருக்குப் பக்கத்திலேயே, கடைசியில் வைக்கச் சொல்லியிருந்தீர்கள். கேபிள் குட்டையாக இருந்தால் கரண்டு வீணாகாது என்றீர்கள். அது சரி. ஆனால் கடைசியில் ஏற்கெனவே மோட்டார் தொங்குகிறது, ஓட்டுகிற ஆளும் அங்கேதான். இரண்டு காலி யூரியா சாக்குகளில் பேட்டரி எடைக்கு மணல் அள்ளி, நெல் தராசில் நிறுத்து, குளத்தில் நின்ற படகில் நீங்கள் சொன்ன இடத்தில் போட்டுப் பார்த்தேன். முன்பக்கம் வானத்தைப் பார்த்தது. பின்பலகையின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே கைவிரல்கள் நுழையும் இடம்தான் மிச்சம்.

இதற்குள் உங்கள் அண்ணன் வந்துவிட்டார். கனமான பொருள் எதுவானாலும் தென்மேற்கில், கன்னி மூலையில்தான் இருக்க வேண்டுமாம். வீட்டில் பீரோ எங்கே இருக்கிறது, நெல் குதிர் எங்கே இருந்தது என்று வரிசையாகக் கேட்டார். கொட்டகையில் கட்டும்போது படகு கிழக்கு பார்த்து நின்றதால் பின்பக்கத்து வலது மூலைதான் கன்னி மூலை என்று கணக்குப் போட்டு, இரண்டு மூட்டையையும் அங்கே தூக்கிப்போட்டு, தானே ஏறி உட்கார்ந்தார். படகு ஒருபக்கமாகச் சாய்ந்து தண்ணீரை வாரிக்கொண்டது. வேட்டி நனைந்தும் அவர் இறங்கவில்லை. கரையில் நின்ற எதிர்வீட்டுக் கஸ்தூரி அக்கா, “இன்னா மாமா, படகு இப்போ வடக்கப் பாத்துக்கினு நிக்குது. ஒங்க கன்னி மூல எங்க போயிடுச்சி?” என்று கேட்டதும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவர் மட்டும், “சிரிங்கடி, சிரிங்க. எந் தம்பி கமலக்கண்ணன் வரட்டும், அவன் சொல்லுவான் எது மூலன்னு” என்று சொல்லிக்கொண்டே கரையேறினார்.

எனக்குள் உறுத்தியது வேறு. நீங்கள் அங்கே பார்க்கிற படகுகள் ஆழமான தண்ணீரில் ஓடுகின்றன. நம் படகு ஓடப்போவது வெள்ளம் நிற்கிற வயல்மேல். தண்ணீருக்கு அடியில் வரப்புகள் இருக்கின்றன. பின்பக்கம் அழுந்த அழுந்த, மோட்டாரின் காற்றாடியும் கீழே இறங்கும். முதல் வரப்பிலேயே இடித்து நின்றுவிடும். அத்தையை உட்கார வைத்துக்கொண்டு நடுவயலில் நிற்க முடியுமா?

அப்படியானால் நடுவில் வைக்கலாம். ஆனால் ஆட்டம் குறைந்த இடம் அதுதான், அது அத்தைக்கு வேண்டும். அதனால் நடுப்பலகைக்குச் சற்று முன்னால், இடம் ஒன்று வலம் ஒன்றாக மூட்டைகளை வைத்தேன். பின்னால் நான் ஏறி உட்கார்ந்தேன். படகு தட்டுப்போல மட்டமாக நின்றது. கல்லூரியில் நெம்புகோல் கணக்குப் போட்டு மார்க் வாங்கியபோதுகூட எனக்கு அந்தச் சந்தோஷம் வந்ததில்லை.

பேட்டரிகளை அங்கே வைத்ததில் தூரம் கூடியதற்கு வில்லியனூரில் தடித்த கேபிளாகக் கேட்டு வாங்கினேன். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போட்டாயிற்று. அடியில் தேங்கும் தண்ணீர் தொடாதபடி சட்டம் அடித்து உயர்த்தி, நகராமல் லாரிக்காரர்கள் சரக்குக் கட்டும் பெல்ட்டால் இறுக்கியிருக்கிறேன். மேலே மூடியிருக்கும் பலகைப் பெட்டியில் துளைகள் உண்டு. சார்ஜ் ஏறும்போது வாயு அடைபடாது. அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, “ஏன்டி, காலுகிட்ட கரண்ட வெச்சிட்டு என்னிய தண்ணிமேல இட்டுக்கினு போறியா?” என்றார். நானே அதன்மேல் கையை வைத்துக் காட்டிய பிறகுதான் சமாதானமானார்.

போன வாரம் தண்ணீர் வந்தது. இரண்டு நாள் மழை. விடிந்து பார்த்தால் வயலும் தெருவும் ஒன்றாகக் கிடந்தன. அன்றைக்குத்தான் அத்தைக்கு டயாலிசிஸ் முறை. பிளாஸ்டிக் நாற்காலியை நடுவில் கட்டி அவரை உட்கார வைத்தோம். உங்கள் அண்ணன் கழியோடு முன்னால் நின்றார். மோட்டாரை நான் பிடித்தேன். செல்லக்கண்ணு வயலின் பெரிய வரப்பு வந்தபோது வேகத்தைக் குறைத்தேன். அடியில் புல் உரசும் சத்தம் கேட்டது, அவ்வளவுதான். தாண்டிவிட்டோம். தார்ரோட்டு மேட்டில் ஆட்டோ காத்திருந்தது. நேரத்துக்கு அரியூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அங்கே ஊசி போட வந்த நர்ஸ், தண்ணீரில் எப்படி வந்தீர்கள் பாட்டி என்று கேட்டிருக்கிறாள். “எம் புள்ள கட்டனது, எம் மருமவ ஓட்டனது. எங்க வூட்டுப் படகுல வந்தேன்” என்று பக்கத்துக் கட்டில்களுக்கும் கேட்கும்படி சொன்னாராம். நான் மருந்து வாங்கிவிட்டு வந்தபோது, முன்பின் தெரியாதவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

உங்கள் அண்ணன் இன்னும் தோற்றுப்போகவில்லை. படகின் பின்மூலையில் ஓர் எலுமிச்சம்பழத்தைச் செருகி வைத்திருக்கிறார். அதற்கு எடை இல்லை என்பதால் நானும் அதை அப்படியே விட்டுவிட்டேன்.

நீங்கள் வரைந்த படத்தை மாற்றியதில் உங்களுக்கு வருத்தம் இருக்கலாம். நீங்கள் நல்ல படகு கட்டியதால்தான் என்னால் மாற்ற முடிந்தது. பொங்கலுக்கு லீவு உறுதியில்லை என்று புகழேந்தியிடம் சொன்னீர்களாம், என்னிடம் சொல்லவில்லை. பேட்டரி வேலை முடிந்துவிட்டது, இனி அவசரம் இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். பேட்டரிக்காகவா உங்களை வரச் சொன்னேன்?

தைக்குள் வயல் வடிந்துவிடும். ஆற்றில் தண்ணீர் நிற்கும். அங்கே வரப்பு இல்லை, யாரும் வழி சொல்ல வேண்டாம். அத்தை கரையில் நின்று பார்க்கட்டும். நீங்கள் ஓட்டுங்கள். அந்த நாற்காலியில் ஒரு தடவை நான் உட்கார்ந்து வருகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அத்தையின் ஆசி இந்தத் தாளோடு வருகிறது.

நீங்கள் வரும் வழியைப் பார்த்திருக்கும்,
உமையாள்.