சதுக்கத்துக்குப் போன என் தோட்டத்துப் பனி

அனுப்புநர்
லியோகாடியா மால்னிக்,
(காலஞ்சென்ற வேளாண் அலுவலர் விட்டோல்ட் மால்னிக்கின் மனைவி)
9, மேற்குக் கடைத் தெரு,
தாஸ்கோமிர், கஜகஸ்தான்.

பெறுநர்
மாவட்டச் சுற்றுச்சூழல் அலுவலர் அவர்கள்,
தாஸ்கோமிர்.

பொருள்: என் ஆப்பிள் மரங்களின் மேலிருந்து அள்ளிச் செல்லப்பட்ட வெள்ளைப் பனியைத் திரும்பக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நம் நகரச் சதுக்கத்துப் பனியின் வெண்மையைத் தலைநகரிலிருந்து வந்த ஆய்வுக் குழு வெகுவாகப் பாராட்டியதாகச் செய்தித்தாளில் படித்தேன். மகிழ்ச்சி. அந்தப் பனி என்னுடையது.

2. இந்த ஊர்க் குளிரில் நிமிர்ந்து நிற்கும் ஆப்பிள் மரம் பிழைக்காது. ஆகவே என் கணவர் மரங்களைக் கன்றிலேயே வளைத்துத் தரையோடு படுத்து வளரப் பழக்கினார். குளிர்காலத்தில் அவற்றின் மேல் பனியைக் குவித்து மூட வேண்டும். அதுதான் அவற்றுக்குப் போர்வை. அவர் மறைந்த பிறகு மண்வாரி என் கைக்கு வந்தது. எனக்கு வயது எழுபத்தெட்டு. மரங்கள் இன்றும் காய்க்கின்றன.

3. நம் ஊர் உருக்காலைப் புகை எங்கள் தெருப் பக்கம் வீசுவதில்லை. என் வீட்டுப் பனி வெள்ளையாக இருப்பதற்கு இது ஒன்றே காரணம். குழு வருவதற்கு முந்தின நாள் காலை நகராட்சி லாரி வந்தது. ஓட்டுநர் தௌலெத் நல்ல பிள்ளை. என் ஆப்பிளைத் தின்று வளர்ந்தவன். வயதான பெண்களை இங்கே அழைப்பதுபோல் என்னையும் 'அபா' என்பான். அவன் சொன்னதை அப்படியே தருகிறேன்: "கோவிச்சுக்காதீங்க அபா. பெரிய மனுசங்க வர்றாங்க. சதுக்கத்துல பனி கரிச்சட்டி கணக்கா கெடக்கு, உங்க தோட்டத்துல பால் மாதிரி இருக்கு." மரங்களின் கதி என்ன என்று கேட்டேன். "நாங்க என்ன வெறுங்கையோடயா வந்திருக்கோம்? அங்க வாரினத இங்க கொட்டிட்டுத்தானே போறோம். பனிக்குப் பனி சரியாப் போச்சு!" என்றான்.

4. சரியாகப் போகவில்லை. கரி படிந்த பனி வெயிலை இழுத்துக்கொண்டு முந்தி உருகிவிடும். மார்ச் வெயிலில் அது போனபின் ஓர் இரவு உறைகுளிர் திரும்பினால் போதும். போர்வையில்லாத கிளைகள் வேர்வரை கருகிவிடும்.

5. தங்கள் அலுவலக வாசலில், இயற்கைச் சூழல் என்பது நிலம், நீர், காற்று, உயிர்கள் ஆகிய நான்கும் சேர்ந்தது என்று பலகை வைத்திருக்கிறீர்கள். நான்கு பிரிவுகளுக்கும் நடந்தேன். நிலப் பிரிவு: "பனி மண்ணுக்கு மேலதானே கெடக்கு, எங்க பொறுப்பு மண்ணு மட்டும்." நீர்ப் பிரிவு: "உருகட்டும் அபா, அப்புறமா வாங்க." காற்றுப் பிரிவு, கீழே விழுந்துவிட்ட கரி தங்களுடையது அல்ல என்றது. உயிர்கள் பிரிவில் இருந்த இளம்பெண் மிகுந்த பரிவோடு, "மரம் இன்னும் சாகலையே? செத்தா உடனே வாங்க, நானே எழுதித் தர்றேன்" என்றாள். நான்குக்கும் மேலே தாங்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டு இம்மனுவை எழுதுகிறேன்.

6. இங்கே நாடு கடத்தப்பட்டு வந்த கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் நான். துடைக்காத மேசையின் மேல் சலவை விரிப்பைப் போட்டால் அவர்கள் விரல்முட்டியில் அளவுகோலால் அடிப்பார்கள். சதுக்கத்தைப் பார்த்தபோது என் விரல்கள் வலித்தன.

7. எனவே, மார்ச் வெயிலுக்கு முன் கறுப்புப் பனியை அகற்றி, என் வெள்ளைப் பனியைத் திரும்பக் கொண்டுவந்து கொட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். லாரி வந்தால் போதும். மரங்களை மூட எனக்குத் தெரியும். உருக்காலைப் புகைபோக்கிக்கு ஒரு வடிகட்டி பொருத்தச் செய்தால், அடுத்த ஆண்டுக் குழுவுக்கு ஊர் முழுக்கச் சொந்தப் பனியையே காட்டலாம். கிழவி வீட்டில் இரவல் வாங்க வேண்டியிராது.

இடம்: தாஸ்கோமிர்
நாள்: பிப்ரவரி 17

இப்படிக்கு,
லியோகாடியா மால்னிக்

இணைப்பு: என் மரங்களின் மேல் இப்போது கிடக்கும் பனி, ஒரு ஜாடி. தங்கள் மேசைக்கு வரும்போது தண்ணீராகியிருக்கும். தயவுசெய்து குலுக்க வேண்டாம். அடியில் தங்கியிருப்பது எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்று தாங்களே பார்த்துச் சொல்லவும். ஜாடியைத் திருப்பித் தர வேண்டும். ஆப்பிள் பாகு போட அது ஒன்றுதான் இருக்கிறது.