வாயு மாத்திரை என்று சொன்னீர்கள்

என் பிரியமான உங்களுக்கு,

நீங்கள் போய் நான்கு மாதமாகிறது. லக்ஷ்மிபாய் நகரில் உங்கள் ஆபீஸ் கொடுத்த குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டிருக்கிறேன். இத்தனை நாள் அழுகை வந்தது. இப்போது கோபம்தான் வருகிறது. அதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

சாப்பிட்டதும் இரண்டு வெள்ளை மாத்திரை போட்டுக்கொள்வீர்கள். என்ன அது என்று கேட்டேன். "வாயுவுக்கு, கல்யாணி. வெறும் சோடா மாத்திரைதான்" என்றீர்கள். இருபது வருடமாகப் பள்ளியில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுக்கிறவள், நம்பினேன். சொன்னது நீங்கள் என்பதால் நம்பினேன்.

அந்த வாரம்தான் பதினோராம் வகுப்பில் ஒரு கிளாஸில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் சமையல் சோடா கரைத்த தண்ணீர் வைத்து, இரண்டிலும் எலுமிச்சைச் சாறு விட்டேன். வெறும் தண்ணீரில் நனைத்த பி.எச். தாள் உடனே சிவந்தது. சோடாத் தண்ணீரில் அப்படி ஆகவில்லை. நம் ரத்தமும் இந்தச் சோடாவை வைத்துத்தான் அமிலத்தைத் தாங்குகிறது என்றேன். "கப் தக், மேம்? எவ்வளவு நேரம் தாங்கும்?" என்று ஒரு பெண் கேட்டாள். "சோடா இருக்கும்வரை. அது தீர்ந்தால் பி.எச். சட்டென்று விழுந்துவிடும்" என்றேன்.

நீங்கள் மேல்மூச்சு வாங்கியபோது ஆஸ்துமா என்று நினைத்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். ரத்தத்தில் ஏறிய அமிலத்தை வெளியே தள்ளத்தான் உங்கள் நுரையீரல் அப்படிப் பாடுபட்டது என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். கிட்னி கெட்டு இரண்டு வருடமாம். நீங்கள் போட்டுக்கொண்ட சோடா மாத்திரையும் அந்த அமிலத்துக்குத்தானாம். எலும்பில் இருந்த உப்புகூடக் கரைந்து அமிலத்தோடு போராடியிருக்கிறது. "ஆப்கோ பதா நஹீ தா?" என்று கேட்டார். உண்மையிலேயே எனக்குத் தெரியாது என்று அவர் நம்ப வெகுநேரமானது.

காரியத்துக்கு வந்த உங்கள் தங்கை மாலதி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எனக்குத் தெரியும் அண்ணி. அண்ணன் சத்தியம் வாங்கிட்டான். கல்யாணிகிட்ட சொன்னா தன் கிட்னியக் குடுத்துடுவா, வேணாம்னான்."

கொடுத்திருப்பேன்தான். அதை முடிவு செய்ய வேண்டியவள் நான் இல்லையா? தங்கையிடம் சொல்ல முடிந்தது, என்னிடம் முடியவில்லையா? என்னுடையது உங்களுக்குப் பொருந்தியிருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். "டெஸ்ட் செய்யாமல் எப்படிச் சொல்வது?" என்றார். இனி அது ஒருநாளும் தெரியாது.

நம் நந்தினி எல்லாம் கேட்டுவிட்டு, "அப்பா நே ஜூட் போலா, அம்மா?" என்றாள். ஆமாம், பொய்தான் சொன்னார் என்றேன். கொஞ்சம் பொறுத்து, "எனக்கும் வருமா?" என்று கேட்டாள். சில கிட்னி நோய் குடும்பத்தில் வருமாம், அவளையும் பார்த்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதையாவது யோசித்தீர்களா?

நாளைக் காலையில் அவளை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போகிறேன். ரிப்போர்ட் வந்ததும் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து படிப்போம். எது எழுதியிருந்தாலும் ஒளிக்க மாட்டேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். உங்களுக்கும் ஒரு வாக்குத் தருகிறேன். உண்மையாக மன்னிக்க முடிகிறவரை, மன்னித்துவிட்டேன் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்.

இன்னமும் உங்கள் மனைவிதான்,
கல்யாணி