இரும்பு மாத்திரையை ஏன் நிறுத்தச் சொன்னேன்

புதூர்
வியாழக்கிழமை

அன்பு மகள் மாரிசெல்விக்கு அம்மா எழுதிக்கொள்வது. மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருக்க செண்பகவல்லித் தாய் துணை நிற்கட்டும். இங்கும் எல்லோரும் சுகம் என்று எழுத வேண்டும், கை வரமாட்டேன் என்கிறது. நேற்று போனில் இரும்பு மாத்திரையைத் தொடாதே என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன், நீ பயந்துபோயிருப்பாய். காரணம் சொல்ல வாயெடுத்தால் அழுகை வந்தது, மாப்பிள்ளை வேறு எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார், நான் சொல்லப் போவதோ பெண்கள் சமாச்சாரம். அதனால்தான் எழுதுகிறேன், உட்கார்ந்து நிதானமாகப் படி.

உன் தம்பி கிருஷ்ணகுமாருக்கு ஈரல் கெட்டிருக்கிறது என்று போன வருஷம் சொன்னார்களே, சொட்டுக்கூடத் தொடாத பிள்ளையை ஊரே குடிகாரன் என்றது. ஆள் கறுத்துப் போனதற்கு ஆடு மேய்க்கிற வெயில் என்றோம், சோர்ந்து படுத்ததற்கு இரத்தம் இல்லை என்றோம். சோர்வு என்றால் நம் பக்கம் வேறு என்ன செய்வார்கள், ஆடு அறுக்கும்போதெல்லாம் சுவரொட்டிக் கறியைச் சுட்டு அவன் தட்டில்தான் வைத்தேன், சத்து டானிக்கும் வாங்கிக் கொடுத்தோம். கடைசியில் மதுரையில் ஒரு டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, இரத்தம் குறையவில்லை, இரும்புதான் அளவுக்கு மிஞ்சி ஈரலிலும் விரல் மூட்டிலும் போய்ச் சேர்ந்திருக்கிறது, இது வம்சவழியாக வருவது என்றார். வைத்தியம் என்ன என்று கேட்டால், வாரம் ஒரு பாட்டில் இரத்தத்தை எடுத்துவிடுவதாம்! இரத்தம் ஊறட்டும் என்று பார்த்துப் பார்த்து ஊட்டிய பிள்ளைக்கு! உன் அப்பா என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "ஏட்டி, வேற ஆஸ்பத்திரிக்குப் போவோம், இவிய ஆளையே கொன்னுருவாவ" என்றார்.

அதன்பிறகுதான் இந்த வம்சவழிக் கோளாறை ஆராய்ச்சி செய்கிற ரேணுகாதேவி என்ற பெண் சென்னையிலிருந்து வந்து எங்கள் எல்லோருக்கும் இரத்தம் எடுத்துப் போனாள். போன திங்கள்கிழமை முடிவைச் சொல்ல வீட்டுக்கே வந்துவிட்டாள். அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று என்று கோளாறு இரண்டும் சேர்ந்தால்தான் நோயாகுமாம். உன் அப்பாவிடம் ஒன்று இருக்கிறது. என்னிடம் இரண்டும் இருக்கிறது. அவர் எனக்கு அத்தை மகன்தானே, ஒரே குடும்பத்தில் கொடுத்தும் வாங்கியும் வந்ததில் இப்படி ஆகியிருக்கிறது. எனக்கு ஒன்றும் செய்யவில்லையே, இந்த வயதிலும் உளுந்துக்குக் களை வெட்டுகிறேனே என்று கேட்டேன். "மாசாமாசம் போன ரத்தத்தோட இரும்பும் போயிருக்கும்மா, அதுதான் உங்களக் காப்பாத்தியிருக்கு" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எந்த இரத்தம்? தீட்டு என்று ஊர்க்கோடிக் குடிசையில் தட்டும் சொம்புமாக என்னை ஒதுக்கி உட்கார வைத்தார்களே, அந்த இரத்தம்! வெட்கத்தை மறந்து உன் அப்பாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "நமக்கு என்னட்டி தெரியும்" என்றார். கோபப்படவா சிரிக்கவா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அதோடு உன் நினைப்பு வந்துவிட்டது. கட்டி என்று உனக்குக் கர்ப்பப்பையை எடுத்து நான்கு வருஷம் ஆகிறது, இனி மாதத் தொல்லை விட்டது என்று நாம் இரண்டு பேரும் சிரித்தோம். என்னிடமிருந்து ஒன்று உனக்குக் கட்டாயம் வந்திருக்குமாம், அப்பாவிடமிருந்தும் வந்திருக்கிறதா என்பது பாதிக்குப் பாதியாம். துணி பிழிந்தால் விரல் மூட்டு வலிக்கிறது, அசதியாக இருக்கிறது, நானே கடையில் கேட்டு இரும்பு மாத்திரை போடுகிறேன் என்று போன வாரம் நீ சொன்னது காதைவிட்டுப் போகவில்லை. மாத்திரையை நிறுத்தினால் மட்டும் போதாது. டாக்டரிடம் போய்த் தம்பிக்கு வந்திருப்பதைச் சொல்லி, ஃபெரிட்டின் என்கிற இரும்புச் சோதனையைப் பார்க்கச் சொல். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கட்டும் என்று காத்திராதே. சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டால் ஈரல் தப்பிக்கும் என்று அந்தப் பெண் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள்.

வாராவாரம் இரத்தம் எடுக்க எடுக்கத் தம்பிக்கு இப்போது கொஞ்சம் தேவலை. எனக்கும் மாதவிலக்கு நின்றதிலிருந்து இரும்பு சேரத் தொடங்கியிருக்கிறதாம், பயப்படும்படி இல்லை. வருகிற செவ்வாய்க்கிழமை கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் அவன் பக்கத்துக் கட்டிலில் படுத்து நானும் இரத்தம் எடுத்துக்கொள்ளப் போகிறேன். மேலே ஃபேன் உண்டு, எழுந்ததும் ஜூஸ் தருவார்கள், எனக்கு என்ன குறை. பேத்திக்கு என் முத்தம், மாப்பிள்ளைக்கும் உனக்கும் எங்கள் ஆசீர்வாதம். சோதனைக்குப் போக மறந்துவிடாதே. முடிவு நல்லபடியாக வந்தால் போனில் சொல். வேறு மாதிரி வந்தால் சொல்லிக்கொண்டிருக்காதே, டிக்கெட் எடுத்து வந்துவிடு, மூன்றாவது கட்டில் ஒன்று போடச் சொல்கிறேன்.

இப்படிக்கு
உன் அம்மா
சுந்தரம்மாள்