கடைசி பெஞ்சுக்கு ஒரு கேள்வி

9-7-84, திங்கள்

அரியலூர் பள்ளியில் இன்று முதல் நாள். நகரப் பள்ளிகளில் ஆசிரியர் கேட்கும் கேள்விக்கும் மாணவர் வாங்கும் மதிப்பெண்ணுக்கும் என்ன தொடர்பு? இதுதான் என் எம்.எட். ஆய்வு. பெரம்பலூரில் நான் வேலை பார்க்கும் பள்ளி ஒன்று, இது இன்னொன்று. இரண்டிலும் எட்டாம் வகுப்புக்குக் கணக்கில் ஒரே தேர்வை வைத்து முடித்தாயிற்று. இனி வகுப்பின் பின்னால் உட்கார்ந்து, ஆசிரியர் யார் யாரைக் கேட்கிறார் என்று பார்த்து, பெஞ்சு வரைந்த தாளில் கேள்விக்கு ஒரு கோடு போட வேண்டும்.

சம்பளமில்லாத விடுப்பு எடுத்துக்கொண்டு கோடு போடப் போகிறாள் என்று என் வீட்டுக்காரர் மிக்கேலுக்குச் சிரிப்பு. சிரிக்கட்டும்.

கணக்கு ஆசிரியர் ராசாங்கம் சார். ஐம்பது வயதிருக்கும். வெள்ளை வேட்டி, கணீரென்ற குரல். "வாங்க டீச்சர், உக்காருங்க. என் கிளாஸ்ல ஒருத்தன் தூங்குறதைப் பாத்துடுங்க பாப்போம்" என்றார். உண்மைதான், ஒருவரும் தூங்கவில்லை.

18-7-84

கோடெல்லாம் முதல் இரண்டு பெஞ்சிலேயே விழுகிறது. கடைசி பெஞ்சு வெள்ளையாகவே இருக்கிறது.

நான் கடைசி பெஞ்சுக்குப் பக்கத்தில்தான் உட்கார்கிறேன். அங்கே மலர்க்கொடி என்று ஒரு பெண். அப்பா சுண்ணாம்புக்கல் லாரியில் கிளீனர். சார் கேள்வி கேட்கும்போதெல்லாம் இவளுடைய உதடு அசையும். கை மட்டும் மேலே போகாது. சாரின் பார்வையும் இவள் வரைக்கும் வராது.

26-7-84

இன்று வம்பு. நான் என்னதான் எழுதுகிறேன் என்று ராசாங்கம் சார் கேட்டார். மறைக்க மனம் வரவில்லை, காட்டினேன். முகம் சுருங்கிவிட்டது.

"முப்பது வருசமா பாடம் நடத்துறேன். நான் பாரபட்சம் பாக்குறேங்கிறீங்களா?"

அப்படி இல்லை சார் என்றேன். காதில் வாங்கவில்லை. "சரி. நாளைக்கு நீங்க பாடம் எடுங்க. நான் பின்னாடி உக்காந்து கோடு போடுறேன்."

எடுக்க மாட்டேனா என்ன.

27-7-84

எடுத்தேன். எல்லாப் பெஞ்சையும் கேட்டேன் என்றுதான் சத்தியமாக நினைத்தேன். மணி அடித்ததும் சார் தாளை நீட்டினார். முதல் பெஞ்சில் கோடு, கோடு, கோடு. மலர்க்கொடி இருக்கும் பெஞ்சில் ஒன்றுகூட இல்லை.

இந்த ஆய்வுக்காகவே வந்தவள் நான். என் கண்ணும் முன் பெஞ்சைத் தாண்டவில்லையா? பதில் கிடைக்கும் இடத்திலேயே கேட்கத் தோன்றுகிறது, அவ்வளவுதானா?

சார் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். யார் முதலில் சிரித்தோம் என்று தெரியவில்லை. பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை, அவர்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

30-7-84

சார் எல்லார் பெயரையும் சீட்டில் எழுதி ஒரு சாக்பீஸ் டப்பாவில் போட்டு வந்துவிட்டார். கேள்வியை முதலில் கேட்டுவிட்டுப் பிறகு குலுக்கி எடுப்பாராம். யார் பெயர் வரும் என்று தெரியாததால் வகுப்பு முழுவதும் யோசித்தாக வேண்டும். தாமதமாகப் பதில் சொன்னால் காத்திருக்க வேண்டும். அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருக்கிறது. காத்திருக்கும்போது பல்லைக் கடித்துக்கொள்கிறார்.

17-8-84

இதை எழுதியே ஆக வேண்டும்.

ஒரு செவ்வகத்தின் நீளத்தை இரண்டு மடங்காக்கி அகலத்தைப் பாதியாக்கினால் பரப்பளவு என்ன ஆகும் என்று சார் கேட்டார். முன் பெஞ்சில் ஒருவன் "டபுள் சார்" என்று முணுமுணுத்தான். சீட்டில் வந்த பெயர் மலர்க்கொடி. எழுந்து நின்றாள். சார் காத்திருந்தார், பல்லைக் கடித்துக்கொண்டு.

"மாறாது சார்."

"ஏன் மாறாது?"

"பாயை நெடுக்கால பாதியா வெட்டி, ரெண்டையும் நீட்டாப் போட்டாலும் அதே பாய்தானே சார். கூடவும் இல்ல, கொறையவும் இல்ல."

சார் சாக்பீஸைக் கீழே வைத்தார். பிறகு, "எல்லாரும் திரும்பிப் பாத்து உக்காருங்க. இன்னொரு தடவை சொல்லும்மா" என்றார். மொத்த வகுப்பும் கடைசி பெஞ்சைப் பார்த்து உட்கார்ந்தது.

கோடு போட மறந்துவிட்டேன்.

8-9-84

திருச்சி போய் என் வழிகாட்டி பேராசிரியர் செல்லப்பன் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று போனது என் பைத்தியக்காரத்தனம்.

"நீங்க பாக்கப் போனீங்களா, மாத்தப் போனீங்களா? உள்ளதை உள்ளபடி பாத்துட்டு வரணும்னுதானே தலைப்பு. வாத்தியார் நடுவுல மாறிட்டா இது எதுக்கும்மா ஆகும்?"

பஸ்ஸில் அழுதேன். ஒரு வருசம் போச்சு. சம்பளமும் போச்சு. எதுக்கு அந்தத் தாளைக் காட்டுனேன் நான், வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா. மிக்கேல் இன்று சிரிக்கவில்லை. சோறு போட்டு எதிரே உட்கார்ந்துகொண்டார்.

10-9-84

ராசாங்கம் சாரிடம் சொன்னேன். பதறிவிட்டார். "என்னாலதானே டீச்சர்." பிறகு அவரே ஒரு வழி சொன்னார். எட்டாம் வகுப்பு 'பி' பிரிவும் அவருடையதுதான். அங்கே பழைய மாதிரியே நடத்துவது. இரண்டையும் ஒப்பிட்டால் அதுவே ஒரு ஆய்வாகிவிடும்.

14-9-84

நடக்கவில்லை. "முடியல டீச்சர். முன்னாடி பெஞ்சைக் கேக்க வாய் தொறக்குறேன், கண்ணு தானாப் பின்னாடி போயிடுது. நேத்தே அங்கயும் சீட்டு எழுதிட்டேன்" என்று தலையைச் சொறிந்தார். கோபப்பட நினைத்தேன், வரவில்லை.

15-9-84

வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. பெரம்பலூர் இருக்கிறதே. அங்கே யாரும் எதையும் மாற்றவில்லை. முதல் தேர்வும் அங்கே முடிந்திருக்கிறது. அரியலூரை அதோடு ஒப்பிடலாமே.

17-9-84

எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவர் சின்னப்பிள்ளை டீச்சர். வகுப்பில் வந்து உட்காரட்டுமா என்று கேட்டேன். "வந்து உக்காரு. ஆனா அத மாத்து இத மாத்துன்னு எங்கிட்ட ஒண்ணும் சொல்லாத" என்றார்.

"சொல்லவே மாட்டேன்க்கா" என்றேன். இவ்வளவு மனதார நான் யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை.

22-9-84

இரண்டு ஊரையும் ஒப்பிடும் யோசனையைச் செல்லப்பன் சார் முழுதும் கேட்டார். பிறகு பேனாவை எடுத்துப் பழைய தலைப்பை அடித்துவிட்டுப் புதியதை அவர் கையாலேயே எழுதினார். "இனிமே எதுவும் மாறுச்சுன்னா எங்கிட்ட முதல்ல சொல்லணும்." தலையாட்டினேன்.

12-11-84

மழை. பஸ் இல்லை.

14-3-85

இரண்டு ஊரிலும் கடைசித் தேர்வைத் திருத்தி முடித்தேன். அரியலூரில் பின் பெஞ்சுக்காரர்கள் நன்றாக ஏறியிருக்கிறார்கள். முன் பெஞ்சு இறங்கவில்லை. பெரம்பலூரில் இரண்டும் கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே. திரும்பவும் கூட்டிப் பார்த்தேன். அப்படியேதான் வருகிறது.

மிக்கேல் கடைக்குப் போய் அல்வா வாங்கி வந்தார்.

10-5-85

வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து வந்த பேராசிரியர் ஒரே ஒரு கேள்வியால் வியர்க்க வைத்துவிட்டார். "பிள்ளைங்க முன்னேறினது சீட்டு முறையாலயா, அந்த வாத்தியாருக்கு வந்த உற்சாகத்தாலயா?"

வாயில் வந்த உண்மையைச் சொன்னேன். "ரெண்டையும் பிரிச்சுச் சொல்ல என் ஆய்வால முடியலீங்க சார்."

"அதை அப்படியே ஒரு பத்தியா சேத்துடுங்க" என்றார். தேறிவிட்டேன்.

24-6-85

சான்றிதழ் வாங்கத் திருச்சி போனேன். கல்லூரி அலுவலகத்துக்கு முன்னால் எம்.எட். விண்ணப்பத்துக்கு நீண்ட வரிசை. எல்லாம் இளவட்டம். நடுவில் ஒரு வெள்ளை வேட்டி.

ராசாங்கம் சார்.

"ஒரு வருசம் லீவு போட்டுட்டேன் டீச்சர். வூட்ல ஒரே சிரிப்பு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "செல்லப்பன் சார் ரொம்பக் கோவக்காரரா?"

"கோவம் வரும் சார். ஆனா சொல்றதைக் கேப்பாரு."

முன்னால் இருந்த பையன் திரும்பி, "உங்க மகனுக்கா சார் அப்ளிகேஷன்?" என்று கேட்டான்.

"எனக்குத்தான் தம்பி."

வரிசை மெதுவாக நகர்ந்தது. எனக்கு அங்கே வேலை முடிந்திருந்தது. விண்ணப்பம் கொடுக்கும் சன்னல் வரைக்கும் அவரோடு பேசிக்கொண்டே நடந்தேன்.