சொல்ல ஆள் வராத சாவு

பெப்ரவரி 18, செவ்வாய்

இன்று நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம்: "இதை எழுதியது நான்தான், மாமா."

மாலை ஐந்து மணி இருக்கும். எங்கள் லயத்து வரிசையில் பக்கத்துக் காம்பரா வீட்டு நல்லையா மாமா தன் போனைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். தேயிலை மலையில் வடிகான் வெட்டிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார், காலில் சேறுகூடக் காயவில்லை. "இதுல என்னமோ எழுதியிருக்கு. என்னான்னு படி தாயி" என்றார். அவருக்கு எழுத்து தெரியாது. கொழும்பில் வேலை செய்யும் மகன் வாங்கிக் கொடுத்த போனில் பேஸ்புக் படங்களை மட்டும் பார்ப்பார். தினமும் வேலை முடிந்து வந்ததும் பார்ப்பார்.

படித்தேன். "பெரகல அருகே வேன் குடைசாய்ந்து விபத்து. மரக்கறித் தோட்ட வேலைக்குச் சென்ற பெண் பலி. பெயர் செல்வநாயகி, வயது 46."

காலையில் நான் தட்டிய சொற்கள். ஒன்றும் தடுக்கவில்லை, செய்தி வாசிப்பவள் போல வாசித்து முடித்துவிட்டேன்.

"செல்வநாயகின்னா நம்ம பூவு. பதிவுல அந்தப் பேரு" என்றார். நான் நிமிர்ந்து பார்த்தேன். பூவு சின்னம்மா, மாமாவின் ஒரே தங்கை. கொஸ்லந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் கட்டிக்கொடுத்தது. தீபாவளிக்கு வந்தால் எங்கள் வீட்டிலும் தேத்தண்ணீர் குடிக்காமல் போகமாட்டார். அவருக்கு இன்னொரு பெயர் உண்டென்று எனக்குத் தெரியாது.

படத்தில் முகம் இல்லை. யாரோ ஒரு துவாயால் மூடியிருந்தார்கள். பச்சைச் சுவெட்டரும், படத்தின் அடியோரம் வரை நீண்டு கிடந்த ஒரு கையும் மட்டும். "இது நான் போன தீவாளிக்கு எடுத்துக் குடுத்தது. பண்டாரவளையில. பொத்தான் ஒண்ணு பத்தலேன்னு திருப்பிக் குடுக்கப் போயி சண்ட போட்டேன்" என்றபடி அந்தக் கையைப் பெருவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். தடவத் தடவப் படம் பெரிதாகியது, சிறிதாகியது.

பிறகு போனைச் சட்டைப்பைக்குள் வைத்தார். "சரி. அங்கேருந்து சாவு சொல்ல ஆள் வரும்" என்று சொல்லிவிட்டுத் தன் வாசலில் போய் உட்கார்ந்தார்.

இதை எங்காவது எழுதியாக வேண்டும். பதுளையில் சதீசன் அண்ணா நடத்தும் செய்திப் பக்கத்துக்கு ஒன்றரை வருடமாக எழுதுகிறேன். அம்மாவிடம் ஒரு சட்டத்தரணிக்குத் தட்டச்சு செய்வதாகச் சொல்லியிருக்கிறேன். பெயர் இல்லாமல் எழுதுவது எனக்குப் பிடித்திருந்தது. ஆயிரம் பேர் படிப்பார்கள், ஒருவரும் என்னைப் பார்க்கமாட்டார்கள். பெரகல சந்தியில் கடை வைத்திருக்கும் மிப்ரான் என்பவர் படத்தை அனுப்பியபோது மணி 7.04. நான் பதிவிட்டது 7.15. பத்து மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து பெயர் வந்தது. சேர்த்தேன். முகம் தெரியாததால் படத்தைப் போடலாம் என்று நினைத்தேன். அதற்குக் கண்ணியம் என்றுகூட ஒரு பெயர் வைத்திருந்தேன்.


பெப்ரவரி 19

ஆள் வரவில்லை.

மாமா பெரட்டில் பேர் கொடுத்து வேலைக்குப் போகவில்லை. காலையிலேயே ஹப்புத்தளைக்குப் போய்க் கோடிச் சேலை வாங்கி வந்து, பையோடு வாசலில் இருக்கிறார். பிறந்த வீட்டுக் கோடியைப் போர்த்தாமல் ஒரு பெண்ணை எடுக்கமாட்டார்கள். அது அண்ணன் கையால் வரவேண்டும். அந்த அண்ணனுக்குச் சாவு வீட்டிலிருந்து ஓர் ஆள் நேரில் வந்து சொல்லவேண்டும். அங்கே இவருக்காகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இங்கே இவர் அவர்களுக்காக.

"இந்தக் காலத்துல யாரு அண்ணே வந்து சொல்றா? நாளைக்கு ரெண்டு மணிக்கு எடுக்குறாங்களாம், பீலியடில தண்ணி எடுக்குறப்ப பேசிக்கிட்டாங்க. நீங்களாப் போங்க" என்றார் அம்மா.

"பொறந்தவன் நானு. வழியில போறவனாட்டம் போன்ல பாத்துட்டுப் போயி நிக்கவா? அவ மகன் துஷாந்துக்கு மூணு தடவ போன் போட்டேன். எடுக்க மாட்டேங்குறான். என்னா கோவமோ."

மதியம் சதீசன் அண்ணாவிடமிருந்து செய்தி. "தங்கச்சி, நேற்றையான் போஸ்ட் ரெண்டாயிரம் தாண்டிட்டுது. எல்லாரையும் விட நாங்கள்தான் முதல்." பதிலுக்கு ஒரு பெருவிரலை அனுப்பினேன். பழக்கம்.

பொய் எழுதியிருந்தால் மறுப்பு எழுதலாம். உண்மைக்கு எப்படி மறுப்பு எழுதுவது?

நூலகத்துப் புத்தகத்துக்குத் தவணை முடிந்துவிட்டது. நாற்பது பக்கம் மிச்சம். கையில் எடுக்க முடியவில்லை.


பெப்ரவரி 20, வியாழன்

காலையில் பக்கத்தின் தகவல் பெட்டியைத் திறந்தேன். ஒரு நாளைக்கு நூறு வரும், நான் பத்தைப் பார்த்தால் அதிகம். செவ்வாய்க்கிழமையிலிருந்து ஒரே ஆள் நான்கு தடவை எழுதியிருக்கிறான். துஷாந்த்.

"இது எங்க அம்மா. படத்த எடுங்க."

"தயவுசெஞ்சி எடுங்க."

மூன்றாவதும் அதேதான். நான்காவது: "எங்க சொந்த மாமாவே லைக் போட்டிருக்காரு. இப்ப சந்தோசமா ஒங்களுக்கு?"

லைக் போட்டவர்களின் வரிசையைத் திறந்து கீழே போய்க்கொண்டே இருந்தேன். அழும் முகங்கள், கூப்பிய கைகள், நடுவே நீலப் பெருவிரல். நல்லையா. மகன் வைத்துக் கொடுத்த படம், எங்கள் லயத்துக் கோயில் வாசலில் நின்று எடுத்தது.

சுவெட்டரின் கை படத்தின் அடியோரத்தில் இருந்தது. லைக் போடும் இடம் அதற்கு நேர் கீழே.

படத்தை நீக்கும்படி சதீசன் அண்ணாவுக்கு எழுதினேன். பதிவை அழிக்கும் அனுமதி அவருக்கு மட்டும்தான். பிறகு பக்கத்து வாசலுக்குப் போனேன். பத்தடி இருக்காது.

"மாமா, அன்னைக்கி படத்தத் தடவுறப்ப ஒங்க வெரலு இங்க பட்டிருக்கு."

"எங்க?"

காட்டினேன்.

"இதத் தொட்டா என்னா?"

"லைக் போட்டதா ஆகிரும். நல்லா இருக்குன்னு சொன்ன மாதிரி."

"யாருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும். துஷாந்துக்கும் தெரிஞ்சிருக்கு. அதான் போன் எடுக்கல, ஆளும் அனுப்பல."

அவர் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "நான் சுவெட்டரத்தான் தடவுனேன்" என்றார். யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல இன்னொரு தடவையும் சொன்னார்.

அப்போது சொன்னேன். "அந்தச் செய்திய எழுதுனதே நான்தான் மாமா. படம் போட்டதும் நான்தான்." பின்னால் அம்மா நின்றுகொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

"எனக்குப் படிச்சுக் காட்டுனியே. அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

திட்டுவார் என்று நின்றேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவர் எழுந்து பையை எடுத்தார். "ஒரு ஆளு வந்து சொல்லியாச்சில்ல. கெளம்பு. எனக்குச் சொன்னத அங்கயும் வந்து சொல்லு."

பெரகல சந்தியில் மொனராகலை பஸ்ஸுக்கு ஒன்றே கால் மணி நேரம் நின்றோம். எதிர்க் கடையில் சூடமும் பத்தியும் வாங்கினார் மாமா. கடைக்காரர் பொட்டலம் கட்டிக்கொண்டே கேட்டார்: "அந்த வேன்ல வந்த அம்மாவுக்கா? நான்தான் மொதல்ல போட்டோ எடுத்தது. எங்கெங்கயோ போயிருச்சு." அவர்தான் மிப்ரான். ஒன்றரை வருடமாக எனக்குப் படம் அனுப்புகிறவர், நான் யாரென்று அவருக்குத் தெரியாது. பொட்டலத்தை நீட்டியபடி, "மொகத்த மூடுனதும் என் துவாய்தான் அங்கிள். ஆஸ்பத்திரி வண்டி வர்ற வரைக்கும் பக்கத்துலயே நின்னேன்" என்றார்.

மாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லா இருப்பீங்க தம்பி."

நான் பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

போய்ச் சேர்ந்தபோது மூன்று பத்து. எடுத்துவிட்டார்கள். அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்தார்களாம். பிறகு முறைக்கு அண்ணன் ஆகும் ஒருவர் கோடி போட்டாராம். மயானத்தில் குழி மூடியாகிவிட்டது. மொட்டைத் தலையோடு துஷாந்த் நின்றான்.

"ரெண்டு தடவ ஒங்களுக்குப் போன் போட்டேன். எடுக்கல. பொழுது சாயப் பாத்தா லைக்கு. எங்கம்மா செத்தது அவ்ளோ நல்லா இருந்திச்சா மாமா?"

மாமா திரும்பி என்னைப் பார்த்தார்.

பத்துப் பேர் முன்னால் நான் பேசியதே இல்லை. அங்கே ஐம்பது பேர் இருந்தார்கள். பக்கத்தின் பெயரைச் சொன்னேன். என் பெயரைச் சொன்னேன். மாமா போனை வீட்டில் வைத்துவிட்டு மலைக்குப் போனதை, சுவெட்டரைத் தடவியதை, விரல் பட்டதை, இரண்டு நாள் கோடியோடு வாசலில் இருந்ததைச் சொன்னேன். இடையில் ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். நிறுத்தச் சொல்லத் தோன்றியது. என்ன உரிமையில் சொல்வது?

துஷாந்த் கேட்டான்: "நாலு தடவ எழுதுனேனே. அது நீங்கதானா அக்கா?"

"நான்தான்."

அவ்வளவுதான். அவன் மாமாவின் பக்கம் திரும்பினான், ஆனால் கிட்டே வரவில்லை. மாமா சேலையை விரித்து மண்மேட்டின்மேல் போட்டார். காற்றுக்குத் தூக்கியது. நாலு மூலைக்கும் கல் தேடி வைத்தார். யாரும் உதவிக்குக் குனியவில்லை. நான் குனியப் போனேன், வேண்டாம் என்று கை காட்டினார்.


பெப்ரவரி 21

வேறொரு பக்கத்தில் நான். "மயானத்தில் உண்மையை உடைத்த யுவதி." நாற்பதாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். என் முகத்தை யாரும் துவாயால் மூடவில்லை.


பெப்ரவரி 24

சதீசன் அண்ணா இன்றுதான் போன் எடுத்தார். "நீங்கள் ஒண்டும் பிழையா எழுதேல்லையே தங்கச்சி. பேர் சரி, வயது சரி, இடம் சரி. இப்ப படத்தை எடுத்தா நாங்கள் பிழை விட்ட மாதிரியெல்லோ போகும்?" குரலில் கோபம் இல்லை. அவர் கெட்டவரும் இல்லை. கொரோனாக் காலத்தில் தோட்டம் தோட்டமாக மருந்து கொண்டுபோய்க் கொடுத்தவர். "ஆனா அங்க போய்ப் பக்கத்தின்ர பேரைச் சொல்லியிருக்கக் கூடாது" என்றார். மாலையில் பார்த்தபோது, செய்திப் பக்கத்துக்குள் போக எனக்கு இருந்த அனுமதியை எடுத்துவிட்டிருந்தார்.

அம்மா மூன்று நாளாகப் பேசவில்லை. இன்று பேசினார். "சட்டத்தரணிக்குத் தட்டச்சுன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன். ஒரு சாவு வீட்டுல வச்சு ஓம்பேரு தெரியணுமா?"

நூலகத்துக்குப் போகவில்லை. அங்கேயும் போன் வைத்திருக்கிறார்கள்.


பெப்ரவரி 27

பீலியடியில் நான் போனால் பேச்சு நிற்கிறது. ஜீவராணி மட்டும் குடத்தை நகர்த்தி இடம் விட்டாள். "எங்களப் பத்தியும் எழுதிராத தாயே" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.


மார்ச் 2, ஞாயிறு

துஷாந்த் வந்தான். பதினோரு மணி பஸ்ஸில் இறங்கி, வெயிலில் மேடேறி, நேராக மாமா வாசலுக்கு. லயத்துச் சுவர் மெல்லியது, எல்லாம் கேட்டது.

"புதன்கெழம கருமாதி மாமா. சொல்லிட்டுப் போக வந்தேன். நீங்க முன்னுக்கு நிக்கணும்."

மாமா அழுததை இன்றுதான் கேட்டேன்.

பிறகு அவன் லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு போனான். முதல் காம்பராவிலிருந்து ஒவ்வொரு வாசலிலும் நின்று, பெரியவர்களைக் கூப்பிட்டு, ஒரே வாக்கியம். நான் எழுந்து முடியைக் கட்டிக்கொண்டேன். ஏன் கட்டினேன்? அம்மா அடுப்படியிலிருந்து வந்து கதவருகில் நின்றார்.

எங்கள் லயத்தில் பத்து வீடு. ஒன்பது வீட்டில் சொன்னான்.


மார்ச் 5

மாமா விடியற்காலை பஸ்ஸுக்குப் போனார். மற்ற எட்டு வீட்டிலிருந்தும் ஒவ்வொருவர் போனார்கள். நான் நூலகத்துப் புத்தகத்தில் இருபத்திரண்டு பக்கம் வாசித்தேன்.


மார்ச் 6

காலையில் பெரட்டுக்குப் போகுமுன் மாமா வந்தார். பதினாறு நாளில் எங்கள் வாசலுக்கு இப்போதுதான் வருகிறார். உள்ளே வரவில்லை. போனை நீட்டினார்.

"அன்னைக்கிப் பட்டதே, அத எடுத்துவிட முடியுமா?"

"முடியும் மாமா."

படம் இன்னும் அங்கேதான் இருந்தது. நீலப் பெருவிரலைத் தொட்டேன், சாம்பலாகியது. 2,318 என்றிருந்தது 2,317 ஆயிற்று. அவருக்கு எண் வாசிக்கத் தெரியும், பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனி இத அவங்க எடுத்துருவாங்களா?"

"நான் கேட்டுட்டேன் மாமா, எடுக்க மாட்டேன்னுட்டாங்க. இன்னொரு தடவ கேக்குறேன்."

"கேளு. துஷாந்துக்காக எடுக்கத்தான் வேணும்." திரையில் பச்சையைக் காட்டினார். "எடுக்குறதுக்கு முன்ன அந்த சுவெட்டரு தெரியுறத மட்டும் இதுக்குள்ள போட்டுக் குடுத்துரு தாயி. வேற படம் எங்கிட்ட இல்ல."

படத்தை வெட்டினேன். துவாயை விட்டேன், ரோட்டை விட்டேன், சுற்றி நின்றவர்களின் கால்களை விட்டேன். பச்சை மட்டும். சேமித்துக் கொடுத்தேன்.

வாங்கிப் பார்த்தார். விரலால் தொடவில்லை. சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு மலைக்குப் போனார்.